சனிக்கிழமை போக வேண்டாம்

மர்பி டவுன்
13 ஜனவரி 2025

ஸ்ரீலக்ஷ்மி மேடத்துக்கு,

உங்கள் டிரஸ்டிலிருந்து அழைப்பிதழ் வந்தது. ஹைகோர்ட்டில் நம் கேஸ் ஜெயித்ததற்குப் பாராட்டு விழா. மேடையில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு சால்வை, பேசுவதற்கு ஐந்து நிமிஷம். அதை இந்தக் கவரிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். என் சால்வையையும் வக்கீல் சீனிவாசராகவன் சாருக்கே போர்த்திவிடுங்கள். அவர்தான் வாதாடினார்.

தீர்ப்பு வந்த பிறகு முதல் தடவையாக முந்தாநாள் சனிக்கிழமை ஆஞ்சலா இருக்கிற ஹோமுக்குப் போனேன். புதன்கிழமை மட்டும்தான் பார்க்கலாம் என்கிற ஹோம் ரூல் செல்லாது, வேலைக்குப் போகிற அம்மா அப்பா யாராக இருந்தாலும் சனி, ஞாயிறில் பிள்ளையைப் பார்க்கலாம். ஷிஃப்ட் வேலை பார்க்கிறாள் என்பதற்காக ஒருத்தியைப் பிள்ளையைக் கவனிக்காதவள் என்று எழுதக்கூடாது. இதுதானே ஜட்ஜ் சொன்னது? அந்த பேப்பரை மடித்து ஹேண்ட்பேகில் வைத்துக்கொண்டு போனேன். வாட்ச்மேன் அதைப் பார்க்கக்கூட இல்லை, உள்ளே விட்டுவிட்டான். கிறிஸ்துமஸுக்குச் செய்த கல்கல்லும் ரோஸ் குக்கீஸும் டப்பாவில் எடுத்துப் போயிருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து ஆஞ்சலா மாடிப்படியில் பாதி வரைக்கும் இறங்கி வந்தாள். என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். "யாக்கே பந்த்ரி?" என்றாள். ஏன் வந்தீர்கள் என்று. பெற்றவளை, கன்னடத்தில், வீட்டு வாசலுக்கு வந்த வெளியாளைக் கேட்பது போல மரியாதை போட்டுக் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மேலே போய்விட்டாள்.

பீன்யா கம்பெனியில் செகண்ட் ஷிஃப்ட் முடிந்து வருகிற எனக்காக மெட்ரோ படியில் உட்கார்ந்திருந்த பிள்ளை அவள். பத்து வயசு. தனியாக இருக்கிறாள் என்று யாரோ போன் செய்ய, குழந்தைகள் நலக் கமிட்டி அவளை ஹோமில் போட்டது. அன்றைக்கு எனக்காகக் காத்திருந்தவள் இன்றைக்கு என்னை ஏன் வந்தீர்கள் என்கிறாள். போன வருஷம் முழுக்க நான் ஏன் வரவில்லை என்பது அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். அதை நீங்களே அவளுக்கு எழுதிக் கொடுங்கள். நான் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும்.

எதுவாக இருந்தாலும் எழுத்தில் வாங்குங்கள் என்று எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தவர் நீங்கள். அதனால்தான் உங்கள் நம்பரை ப்ளாக் செய்துவிட்டுக் கடிதம் எழுதுகிறேன். போனில் என்றால் நீங்கள் பேசியே என்னைச் சமாதானம் செய்துவிடுவீர்கள்.

குளோரியா


பிரேசர் டவுன் அலுவலகம்
20 ஜனவரி 2025

அன்புள்ள குளோரியா அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. அலுவலகத்தில் எல்லோரும் வருந்தினோம்.

நீண்ட காலம் பிரிந்திருந்த பிள்ளைகள் முதல் சந்திப்பில் கோபத்தைக் காட்டுவது இயல்பு. இது நாங்கள் பல குடும்பங்களில் பார்த்ததுதான். எங்கள் கவுன்சிலர் நீல் இரண்டு முறை ஆஞ்சலாவிடம் பேச ஏற்பாடு செய்திருக்கிறோம். நீங்கள் மனம் தளராமல் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்வர வேண்டும்.

மார்ச் 12-ஆம் தேதி கமிட்டி முன்னால் ஆஞ்சலாவின் விஷயம் வருகிறது. வீட்டுக்குப் போக விருப்பமா என்று அவளையே கேட்பார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் பதிலுக்கு அவர்கள் நிறைய மதிப்புக் கொடுப்பார்கள். மாட்டேன் என்று சொன்னால், பதினெட்டு வயது வரை ஹோமிலேயே இருக்கும்படி உத்தரவாகலாம். எனவே இப்போது நிதானம் தேவை.

சென்ற ஆண்டு நீங்கள் போகாமலிருந்தது பற்றி எழுதியிருக்கிறீர்கள். வழக்கின் நிலவரத்தை நாங்கள் உங்களுக்கு விளக்கினோம். முடிவு உங்களுடையதாகவே இருந்தது. அதை எழுத்தில் தருவது இந்தக் கட்டத்தில் யாருக்கும் நன்மை செய்யாது என்று கருதுகிறோம். உங்களால் இந்த மாநிலம் முழுவதும் எத்தனை தாய்மார்கள் பிள்ளைகளைப் பார்க்கிறார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஸ்ரீலக்ஷ்மி
சமூகப் பணியாளர்


மர்பி டவுன்
27 ஜனவரி 2025

மேடத்துக்கு,

முடிவு என்னுடையதா?

போன வருஷம் ஜனவரி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. முதல் நாள்தான் ஹோம் சூப்பரின்டெண்ட் எனக்கு போன் செய்திருந்தார். "புதன்கிழமை ரூல் எல்லாம் பாக்காதம்மா, நீ சனிக்கிழமை வந்து பாத்துட்டுப் போ, நான் சொல்லிக்கிறேன்" என்றார். நான் பறந்துகொண்டு உங்கள் ஆபீசுக்கு வந்தேன். அப்போது நீங்கள் கதவைச் சாத்திவிட்டு என்ன சொன்னீர்கள்? உங்களுக்கு மறந்திருந்தால் நான் எழுதுகிறேன்.

"போகாதீங்க அக்கா. இது கவர்ன்மெண்ட் வக்கீலோட வேலை. நீங்க ஒரு தடவை போனாலும் போதும், கேட்டது கெடச்சிடுச்சு, கேஸை முடிச்சிடுங்கன்னு சொல்லிடுவாங்க. மத்த அம்மாங்க கதி என்னாகும்? புதன்கிழமையும் வேணாம். உங்களால வர முடியலங்கறதுதான் நம்ம கேஸே. அடுத்த வாய்தா வரைக்கும்தான். ஒரு மாசம்."

ஒரு மாசம்! ஜட்ஜ் மாறினார், கவர்ன்மெண்ட் வக்கீல் டைம் கேட்டார், கோர்ட்டுக்கு லீவு விட்டார்கள், நம் நம்பர் வருவதற்குள் மணி ஐந்தானது. ஒவ்வொரு தடவையும் நான் உங்கள் முகத்தைப் பார்ப்பேன். நீங்கள் "இன்னும் கொஞ்சம்தான் அக்கா" என்பீர்கள். பல் பிடுங்குகிறவர் சொல்வது போல. பதினோரு மாசம் போனது. படித்தவர், நம் பாஷை பேசுகிறவர், எனக்காக கோர்ட்டில் கால் கடுக்க நிற்கிறவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். இப்போது முடிவு என்னுடையது என்று லெட்டர்ஹெட்டில் டைப் அடித்து அனுப்புகிறீர்கள். நல்லாயிருக்கிறது.

முந்தாநாளும் ஹோமுக்குப் போனேன். ஆஞ்சலா இறங்கி வரவே இல்லை. ஆபீஸ் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண், கார்மெண்ட்ஸில் வேலை செய்கிறவள், மகனுக்குத் தயிர் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஏழு வயசுப் பையன், வாய் நிறைய சோற்றை வைத்துக்கொண்டு பேசுகிறான். குளோரியா நான்தான் என்று யார் சொன்னார்களோ, கையைக்கூடக் கழுவாமல் ஓடிவந்து என் காலைத் தொட்டாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். பழமொழி பொய்யில்லை மேடம். என் பிள்ளை தானேதான் வளர்ந்துவிட்டாள், நான் இல்லாமல்.

கவுன்சிலரை அனுப்ப வேண்டாம். ஆஞ்சலாவுக்கு மண்டையில் கோளாறு ஒன்றுமில்லை. அவளுக்குத் தெரிய வேண்டியது ஒரே ஒரு உண்மை. அதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. என்னை அக்கா என்று எழுதாதீர்கள். அக்கா என்றால் சொந்தம்.

குளோரியா


மல்லேஸ்வரம்
16 பிப்ரவரி 2025

குளோரியா அவர்களுக்கு,

இது அலுவலகக் கடிதமல்ல. ஞாயிற்றுக்கிழமை, வீட்டிலிருந்து, கையால் எழுதுகிறேன். போன கடிதத்தை நான் எழுதி, சீனிவாசராகவன் சார் திருத்தினார். "முடிவு உங்களுடையதாகவே இருந்தது" என்ற வரி அவர் சேர்த்தது. ஆனால் கீழே கையெழுத்துப் போட்டது நான்தான். அதனால் அவரைச் சொல்லித் தப்பிக்கவில்லை.

நீங்கள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் நான் சொன்னதுதான்.

நீங்கள் கேட்டதை எழுதிக் கொடுக்கலாமா என்று சாரிடம் கேட்டேன். "உனக்குப் பைத்தியமா ஸ்ரீ?" என்றார். அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது. ஹோம்காரர்கள் அழைத்தும் நாமே போகவிடாமல் வைத்திருந்தோம் என்று ஒரு காகிதம் வெளியே போனால், நம் அஃபிடவிட் பொய்யாகிவிடும், தீர்ப்பே ஆட்டம் கண்டுவிடும் என்கிறார். அவர் சொல்வதில் தவறில்லை. அந்த தயிர் சோறு ஊட்டிய பெண்ணும் மறுபடி கேட்டுக்கு வெளியே நிற்பாள். இரண்டு வாரமாக இதைத்தான் மனதில் போட்டு உருட்டுகிறேன். ஒரு பிள்ளையா, ஊர்ப் பிள்ளைகளா என்று கேட்டால் ஊர்ப் பிள்ளைகள் என்று சொல்லித்தான் எங்களைப் படிக்க வைத்தார்கள். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக கவர்ன்மெண்ட் உத்தியோகம். ஃபைல் சரியாக இருந்தால் உலகம் சரியாக இருக்கும் என்று நம்புகிற குடும்பம். நானும் உங்களை நல்ல ஃபைலாகத்தான் பார்த்தேன். குடிக்காத, சண்டை போடாத, ஒரே கம்பெனியில் ஒன்பது வருஷம் வேலை செய்த அம்மா. இதைவிட நல்ல மனுதாரர் கிடைக்கமாட்டார் என்று மீட்டிங்கில் சொன்னது நான்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இத்தனை சுற்றி வளைக்கிறேன்.

போன ஏப்ரலில் நான் ஹோமுக்குப் போய் ஆஞ்சலாவைப் பார்த்தேன். நல்லாயிருக்கிறாள், படிக்கிறாள் என்று உங்களிடம் சொன்னேன். சொல்லாமல் விட்டது ஒன்று. ஜனவரியில் சூப்பரின்டெண்ட் உங்களுக்கு போன் செய்த அன்றே அவளிடமும் சொல்லியிருக்கிறார், இனிமேல் அம்மா சனிக்கிழமை வருவாள் என்று. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் தலை வாரி, ரிப்பன் கட்டி, வாசல் பக்கத்துப் படியில் வந்து உட்கார்ந்துகொள்வாளாம். சாப்பாட்டு மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டாளாம். நான் போனதும் ஒரு சனிக்கிழமைதான். என்னைப் பார்த்ததும் எழுந்து என் பின்னால் எட்டிப் பார்த்தாள். வார்டன் கூடவே நின்றதால் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. "அம்மா சீக்கிரம் வருவாங்க" என்று மட்டும் சொன்னேன்.

அதைச் சாரிடம் வந்து சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இதுதான் நம்ம கேஸ்" என்றார். ஜூனில் நீங்கள் கையெழுத்துப் போட்ட இங்கிலீஷ் அஃபிடவிட்டில் பதினாலாவது பாரா அதுதான். அம்மாவால் வர முடியாதபடி புதன்கிழமை விதி இருப்பதால், பிள்ளை வாராவாரம் வாசலில் காத்திருக்கிறாள் என்று இருக்கும். சூப்பரின்டெண்ட் உங்களை அழைத்தது அதில் இருக்காது. உங்களுக்குப் படித்துக் காட்டியபோது அந்தப் பாராவை நான் தாண்டிவிட்டேன். தெரிந்தால் அடுத்த சனிக்கிழமையே நீங்கள் ஓடிவிடுவீர்கள். அதனால்தான் தாண்டினேன். ஜட்ஜ் தீர்ப்பில் எடுத்துப் போட்டதும் அந்தப் பாராவைத்தான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ஸ்ரீலக்ஷ்மி


மர்பி டவுன்
21 பிப்ரவரி 2025

மேடத்துக்கு,

கடிதம் வந்தது. அஃபிடவிட்டை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டு டெஸ்மண்ட் அண்ணனிடம் போனேன். ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர், இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். பதினாலாவது பாராவை மட்டும் படித்துச் சொல்லச் சொன்னேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றி, "இது நீ போட்ட கையெழுத்தா குளோரியா?" என்றார். ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்றைக்கு ஷிஃப்டுக்குப் போகவில்லை. ஒன்பது வருஷத்தில் சொல்லாமல் லீவு போட்டது அதுதான் முதல் தடவை. உங்கள் ஃபைலில் குறித்துக்கொள்ளுங்கள்.

என் பிள்ளை ரிப்பன் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கோர்ட்டே படித்திருக்கிறது. ஜட்ஜ் படித்தார், டைப்பிஸ்ட் படித்தார், கவர்ன்மெண்ட் வக்கீல் படித்தார். எனக்கு மட்டும் தெரியாது. உங்களைத் திட்டுவதற்கு நான்கு பக்கம் எழுதிக் கிழித்துப் போட்டேன். நீங்கள் நாசமாகப் போக வேண்டும் என்று மாதா கோவிலில் மண்டி போட்டு வேண்டிக்கொண்டேன். பாவம் என்று தெரிந்தே வேண்டிக்கொண்டேன்.

மார்ச் பன்னிரண்டுக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. எழுதிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? ஒரு வரியில் பதில் போடுங்கள்.

குளோரியா


மல்லேஸ்வரம்
14 மார்ச் 2025

குளோரியா அவர்களுக்கு,

ஒரு வரிப் பதிலை நான் போடவில்லை. போட்டால் அதற்குக் கட்டுப்பட வேண்டுமே என்று பயந்தேன். பதினோராம் தேதி வரை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன் என்பதே உண்மை.

பன்னிரண்டாம் தேதி கமிட்டி அறை வாசலில் என்னைப் பார்த்தும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். உள்ளே நடந்தது உங்களுக்குத் தெரியும். வெளியே நடந்தது தெரியாது. ஆஞ்சலா படிக்கவேண்டும் என்று வாக்குமூலத்தைக் கன்னடத்தில் எழுதியிருந்தேன். தாயை நான்தான் போகவிடாமல் தடுத்தேன், பிள்ளை காத்திருப்பதைத் தாயிடம் மறைத்தேன், தாய் அறியாமல் அதை அஃபிடவிட்டில் சேர்த்தேன். மொத்தம் ஒன்றரைப் பக்கம். கமிட்டியில் ஒரு காப்பி கொடுத்தேன், ஆஞ்சலாவிடம் கொடுக்கச் சொல்லி இன்னொன்று கொடுத்தேன். படிகளில் இறங்குவதற்குள் சீனிவாசராகவன் சார் போனில் வந்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். "நீ ஒருத்திகிட்ட நல்ல பேர் வாங்கறதுக்காக ஆயிரம் பேரைக் கொண்டுபோய் அடகு வச்சிட்ட" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

நேற்று டிரஸ்டில் ராஜினாமா கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வாக்குமூலத்தின் நகல் அரசு வக்கீலிடம் போய்விட்டது. மேல்முறையீடு ஏப்ரலில் வருகிறது. தீர்ப்புக்கு ஸ்டே கொடுத்தால் எல்லா ஹோமிலும் பழைய புதன்கிழமை விதிதான். பொய் அஃபிடவிட் என்று என் மேலும் வழக்கு வரலாம். உங்கள் கையெழுத்தும் அதில் இருப்பதால், உங்களுக்குத் தெரியாமல் நடந்தது என்று தனியாக, தெளிவாக எழுதியிருக்கிறேன். அதில் சந்தேகம் வராது.

இதையெல்லாம் நீங்கள் நன்றி சொல்வீர்கள் என்று எதிர்பார்த்து எழுதவில்லை. இல்லை, பொய் சொல்லிப் பழகிவிட்டது, எதிர்பார்த்துத்தான் எழுதுகிறேன்.

கமிட்டி இரண்டு மாதம் அவகாசம் கொடுத்து, மே மாதம் மறுபடி கேட்பதாகச் சொன்னதைக் கேள்விப்பட்டேன். ஆஞ்சலா அதைப் படித்தாளா? என்ன சொன்னாள்? அதை மட்டும் எழுதுங்கள். அதற்குப் பிறகு உங்களைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

ஸ்ரீலக்ஷ்மி


மர்பி டவுன்
24 மார்ச் 2025

ஸ்ரீலக்ஷ்மிக்கு,

வேலை போனது என்றீர்களே, இனிமேல் மேடம் எதற்கு? எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. அந்த தயிர் சோற்றுப் பெண்ணின் முகம்தான் வருகிறது. ஏப்ரலில் அவளுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். முந்தாநாள் சனிக்கிழமை போனேன். ஆஞ்சலா முழுப் படியும் இறங்கி வந்தாள். கையில் உங்கள் வாக்குமூலம், நாலாக மடித்து. மடிப்பெல்லாம் கிழிகிற அளவுக்குப் படித்திருக்கிறாள். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் உட்கார்ந்தாள். ஆனாலும் எனக்கு அப்போதே அழுகை வந்துவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, உண்மை தெரிந்துவிட்டது, இனி என் பிள்ளை என் பிள்ளைதான் என்று நினைத்தேன்.

தமிழில் பேசினாள். இத்தனை நாளில் முதல் தடவை.

"இந்த மேடம் போகாதன்னு சொன்னாங்களா?"

"ஆமாண்டா கண்ணு. கோர்ட்டு கேஸு. நான் உள்ள வந்தா கேஸு போயிடும்னாங்க. நீ உக்காந்திருந்தது எனக்குச் சத்தியமா தெரியாதுடா."

அவள் யோசித்தாள். கோபமெல்லாம் இல்லை. கணக்கு சரியாக வராத பிள்ளை மாதிரி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தாள்.

"உள்ள வரக்கூடாதுன்னுதான சொன்னாங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பஸ் ஸ்டாப் இருக்கும்மா. நான் உக்கார்ற படியிலேர்ந்து பாத்தா நல்லாத் தெரியும். நீ அங்க வந்து நின்னிருக்கலாமே. நான் பாத்திருப்பேன்ல? கையாட்டக்கூட வேணாம். சும்மா நின்னிருந்தா போதும்."

அவள் பதிலுக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்புறம் காகிதத்தை மடித்து என் கையில் கொடுத்தாள். "மே மாசம் கேட்டா இங்கயே இருக்கேன்னுதான் சொல்லுவேன்" என்றாள். அதையும் கோபமில்லாமல்தான் சொன்னாள். மேலே போய்விட்டாள்.

வெளியே வந்து ரோட்டைத் தாண்டி அந்த பஸ் ஸ்டாப்பில் நின்று பார்த்தேன். படி நன்றாகத் தெரிகிறது.

நீங்கள் எத்தனை படித்தீர்கள், சீனிவாசராகவன் சார் எத்தனை கேஸ் பார்த்திருப்பார். உங்கள் இரண்டு பேருக்கும் இது தோன்றவில்லை. அது போகட்டும், நீங்கள் யாரோ. பெற்றவள் எனக்குத் தோன்றவில்லை.

குளோரியா